பகலில் கேளாத நிலையங்கள்

மத்திய அலையில் நிகழ்ச்சி கேட்கும் வழக்கமுள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரு விநோதம் தெரிந்திருக்கும். நண்பகலில் ரேடியோப் பெட்டியின் முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நகர்த்திப் பார்த்தால், உள்ளூர் நிலையமும், மிஞ்சிப்போனால் அடுத்த ஜில்லாக்களின் நிலையங்கள் இரண்டொன்றுமே அகப்படும்; எஞ்சிய இடமெல்லாம் வெறும் இரைச்சலாயிருக்கும். அதே பெட்டியை அதே மேஜையின்மீது வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு முள்ளைத் திருப்பினாலோ, பகலில் சூனியமாயிருந்த இடங்களிலெல்லாம் தெலுங்கும் கன்னடமும் ஹிந்தியும் சிங்களமும், இன்ன தேசத்தவை என்று சொல்ல இயலாத பாஷைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்து சேரும். இதற்குச் சமாதானம் கூறுபவர்கள் பலவிதமாகக் கூறுவார்கள்: இரவில் நிலையங்கள் மின்சக்தியைக் கூட்டிவிடுகின்றன என்பார் ஒருவர், இராக்காலத்தில் காற்று குளிர்ந்து அடர்ந்துவிடுவதால் ஒலி நெடுந்தூரம் செல்கிறது என்பார் மற்றொருவர், ஊர் அடங்கிவிடுவதே காரணம் என்பார் வேறொருவர். மூன்றும் தவறு. வானொலி அலை காற்றின் அசைவன்று. ஆகையால் காற்றின் குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சக்தியைக் கூட்டுவதோ முற்றிலும் எதிரிடையான செய்தி. அமெரிக்காவில் எத்தனையோ சிறு நிலையங்கள் சூரியாஸ்தமனமானவுடன் சக்தியைக் குறைத்துக்கொள்ளவோ, ஒலிபரப்பையே நிறுத்திவிடவோ வேண்டுமென்பது அந்நாட்டு விதி. உண்மைக் காரணம் நம் தலைக்குமேல் எண்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை ஆட்டிவைப்பது சூரியன்.

மத்திய அலை என்று நம் நிலையங்கள் அறிவிக்கும் பகுதி, இந்தப் பிரதேசத்தில் 531 கிலோஹெர்ட்ஸ் முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை நீண்டிருக்கிறது. அலையின் நீளத்தால் சொன்னால் ஏறக்குறைய 565 மீட்டரிலிருந்து 187 மீட்டர் வரை. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா கண்டங்களில் நிலையங்கள் ஒன்றுக்கொன்று 9 கிலோஹெர்ட்ஸ் விலகி நிற்கவேண்டுமென்று 1975-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு வகுத்தது. சென்னையின் 720, திருச்சியின் 936, திருநெல்வேலியின் 1197 ஆகிய எண்கள் யாவும் ஒன்பதால் மீதியின்றி வகுபடுவது அதனால்தான். ஒலிபரப்பு ஸ்தம்பத்திலிருந்து கிளம்பும் இந்த அலை ஏககாலத்தில் இரண்டு மார்க்கங்களில் பிரயாணம் செய்கிறது. ஒரு பகுதி பூமியின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு, அதன் வளைவையும் அனுசரித்துச் செல்கிறது. இதைத் தரை அலை என்போம். மற்றொரு பகுதி சாய்வாக மேலேறி ஆகாயத்துக்குள் போகிறது. இதை வான் அலை என்போம். பகலில் நாம் கேட்பது முழுவதும் தரை அலையே.

தரை அலை தான் தழுவிச் செல்லும் நிலத்துக்கு ஒவ்வோர் அடியிலும் வரி செலுத்துகிறது. அந்த வரியின் அளவு நிலத்தின் மின்கடத்தும் குணத்தைப் பொறுத்தது. வறண்ட கற்பாறைப் பூமியில் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஈரமான களிமண்ணில் அவ்வளவு தேயாது. சமுத்திரத்தின் உப்புநீரோ வறண்ட நிலத்தைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு வரை நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதாகையால், அதன்மேல் செல்லும் அலைக்கு ஏற்படும் நஷ்டம் மிகவும் சொற்பம். முள்ளின் இடக்கோடியிலுள்ள, அலைநீளம் அதிகமான நிலையங்கள் வலக்கோடி நிலையங்களைவிடத் தரையில் அதிக தூரம் போகும் என்பதும் இதனோடு சேர்த்து நினைவிற்கொள்ளத் தக்கது. பாக் ஜலசந்திக் கரையிலும், தூத்துக்குடியை ஒட்டிய கடலோர ஊர்களிலும் கொழும்பு வானொலியைப் பட்டப்பகலிலேயே மத்திய அலையில் கேட்க முடிந்ததற்கும், அதே தொலைவில் உள்நாட்டில் வசித்தவர்கள் அதைச் சிற்றலையில் தேடவேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம். இலங்கை வானொலியின் பெரும் புகழுக்கு அறிவிப்பாளர்களின் குரல் ஒரு காரணமென்றால், நடுவே கிடந்த உப்புநீருக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும். எதிர்த்திசையில் இதே உபகாரத்தை, தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் 200 கிலோவாட் ஒலிபரப்பி இலங்கைத் தமிழர்களுக்குச் செய்து வந்திருக்கிறது.

வான் அலையின் கதை இதைவிட நூதனமானது. அது ஒரு குழப்பத்தில் ஆரம்பமாயிற்று. 1901-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள பொல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகளை, அதாவது மோர்ஸ் லிபியின் ‘எஸ்’ எழுத்தை, அட்லாண்டிக்குக்கு அப்பால் சுமார் 3,400 கிலோமீட்டர் தொலைவில், நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்ட கம்பியின் உதவியால் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்லவேண்டிய அலை, உருண்டையான பூமியின் முதுகை எப்படித் தாண்டியது என்று அப்பொழுது கேட்டார்கள். பிற்காலத்து விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி வேறு: செயின்ட் ஜான்ஸில் நண்பகல் கடந்து, கடலின் பெரும்பகுதியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அவ்வேளையில், அலை கடலை எப்படிக் கடந்தது? அவர் கேட்டது உண்மையில் அந்த ‘எஸ்’ தானா என்ற சந்தேகம் இன்றளவும் முற்றும் நீங்கவில்லை.

ஆனால் மறு வருஷம் பிப்ரவரியில் ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் அமெரிக்கா சென்றபோது அவர் செய்த பரிசோதனையில் சந்தேகத்துக்கு இடமில்லை. பொல்டு நிலையத்தின் சங்கேதங்களைக் கப்பலிலிருந்து நாள்தோறும் கேட்டுப் பதிவு செய்ததில், பகலில் 700 மைலுக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. இரவிலோ 2,000 மைலையும் கடந்து கேட்டது. வானொலிக்கு இரவும் பகலும் ஒன்றல்ல என்பது உலகுக்கு வெளியான சந்தர்ப்பம் இதுதான். மார்க்கோனி இதற்குச் சொன்ன விளக்கம் தவறாகப் போயிற்று. சூரிய வெளிச்சம் படுவதால் ஒலிபரப்பும் கம்பிகளிலிருந்து மின்னேற்றம் கசிந்துவிடுகிறது போலும் என்று அவர் ஊகித்தார்; அதாவது குறையை நிலையத்திலேயே தேடினார். அதே 1902-ல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மேல் ஆகாயத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கவேண்டுமென்றும், அலைகளைப் பூமிக்குத் திருப்புவது அதுவே என்றும் எழுதினார்கள்.

எழுதியது ஊகம், அதை நிரூபிக்க இருபத்திரண்டு வருஷங்கள் பிடித்தன. நிரூபணத்துக்கு வழிகாட்டியது சாதாரண நேயர்களும் அறிந்த ஒரு தொல்லை என்பதை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். லண்டன் நிலையத்தின் ஒலி பகலெல்லாம் ஒரே சீராயிருந்து, பொழுது சாய்ந்ததும் ஏறி இறங்கத் தொடங்குவதைக் கேம்பிரிட்ஜில் அளந்து பார்த்த எட்வர்ட் ஆப்பிள்டன், இரவில் இரண்டாவது அலை ஒன்று மேலிருந்து வந்து தரை அலையோடு கலக்கிறது, சில சமயம் சேர்ந்தும் சில சமயம் எதிர்த்தும் நிற்கிறது என்று யூகித்தார். 1924 டிசம்பர் 11-ஆம் தேதி, பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையம் தன் அன்றாட நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்ட பிறகு, அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் பார்னெட் என்ற உதவியாளருடன் அமர்ந்து, ஒலி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து பிரதிபலிக்கும் அடுக்கின் உயரம் சுமார் நூறு கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இதற்காகவும் இதன் தொடர்ச்சியான ஆராய்ச்சிகளுக்காகவும் 1947-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷம், கல்கத்தாவில் பல ஆண்டுகளாக இந்த மேலடுக்குகளை, அதாவது அயனி மண்டலத்தை, ஆராய்ந்துவந்த சிசிர் குமார் மித்ராவின் ‘மேல் வாயுமண்டலம்’ என்னும் பெருநூலும் வெளிவந்து, உலகமெங்கும் இத்துறை மாணவர்களுக்கு ஆதார நூலாயிற்று.

இப்பொழுது பகலின் தடைக்கு வருவோம். சூரியனின் புறஊதாக் கிரணங்களும் எக்ஸ் கிரணங்களும் மேல் ஆகாயத்து வாயுக்களைத் தாக்கி, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்மயமான பிரதேசம் பல அடுக்குகளாக அமைந்திருக்கிறது: 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்குமேல் நூறு கிலோமீட்டரை ஒட்டி இ அடுக்கு, இருநூறுக்கு மேல் எஃப் அடுக்கு. இ, எஃப் அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பக் கூடியவை. ஆனால் பகலில் அவற்றை அடைய அலை டி அடுக்கைக் கடந்தாகவேண்டும். அலை புகுந்ததும் அங்குள்ள எலெக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு இசைய ஆடத் தொடங்குகின்றன. ஊஞ்சலைத் தள்ளினால் நாம் கொடுத்த விசை வீணாவதில்லை, ஊஞ்சல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஊஞ்சல் பக்கத்துத் தூணில் மோதுமாயின் தள்ளியவன் களைத்ததே மிச்சம். டி அடுக்கு தாழ்வான உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று ஒப்புநோக்க அடர்த்தியானது. ஆடும் எலெக்ட்ரான் வாயு மூலக்கூறுகளில் ஓயாமல் மோதி, அலையிடம் வாங்கிய சக்தியை உஷ்ணமாக இழந்துவிடுகிறது. இ, எஃப் அடுக்குகளில் காற்று அருகிவிடுவதால் அத்தகைய மோதல் குறைவு. அலையின் அதிர்வு எண் மிக மிக இந்த நஷ்டம் வேகமாகக் குறையும். சிற்றலை பகலிலும் கண்டம் விட்டுக் கண்டம் போவது அதனால்தான்.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கை உண்டாக்கும் கிரணங்கள் நின்றுபோகின்றன. அடர்ந்த காற்றில் எலெக்ட்ரான்கள் விரைவில் மறுபடியும் அணுக்களோடு சேர்ந்துவிடுகின்றன. அடுக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. மேலே உள்ள அடுக்குகள் காற்றின் மென்மையால் மெதுவாகவே நலிகின்றனவாதலால், மிச்சமிருக்கும் எலெக்ட்ரான்கள் மத்திய அலையைத் திருப்புவதற்கு விடியுமட்டும் போதுமானவையாயிருக்கின்றன. ஆகவே இரவு நமக்குப் புதிதாக எதையும் கொண்டுவந்து தருவதில்லை. பகல் வைத்த தடையை நீக்குவதொன்றே அது செய்வது. பகலிலும் அந்தத் தூரத்து நிலையங்கள் எல்லாம் நம்மை நோக்கி அலை வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. அவை நம் தலைக்குமேல் எண்பது கிலோமீட்டரில் மடிந்துபோகின்றன.

இந்தத் தத்துவம் விளங்கிவிட்டால், எந்தத் திசை நிலையம் எப்பொழுது கேட்கும் என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாதை முழுவதும் இருட்டாக இருக்கவேண்டும், நிபந்தனை அவ்வளவே. பாங்காக் நகருக்கு வடக்கே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1575 கிலோஹெர்ட்ஸில் ஆயிரம் கிலோவாட் சக்தியுடன் பல்லாண்டு காலம் ஒலிபரப்பி வந்தது. அது சென்னைக்கு 20 பாகை கிழக்கே இருப்பதால், பூமி பாகைக்கு நான்கு நிமிஷம் சுழலும் கணக்கில், அங்கே 80 நிமிஷம் முன்னதாகவே இருட்டிவிடும். நமக்கு அஸ்தமனமாகும் தறுவாயில் அது தலைகாட்டத் தொடங்கும். நமக்கு விடிய ஒன்றேகால் மணிக்கு மேல் இருக்கும்போதே, அங்கே உதயமாகிவிடுவதால், மறையத் தொடங்கும். ஓமான் கரையிலிருந்து பி.பி.சி. நடத்திய 1413 கிலோஹெர்ட்ஸ் நிலையமோ மேற்கே ஏறக்குறைய அதே 20 பாகையில் இருந்தது. நமக்கு இருட்டி ஒரு மணிக்கு மேல் ஆன பின்பே அது வரும், ஆனால் நம் சூரியன் உதிக்கும்வரை நிற்கும். மாலையில் கிழக்கையும், விடியற்காலையில் மேற்கையும் தேடுவது பழகிய நேயர்களின் வழக்கம். எல்லாம் நொடியில் நிகழ்ந்துவிடுவதில்லை. அஸ்தமனத்துக்கு முன்னரே வான் அலை மெல்ல முளைத்து, சில மணி நேரம் சென்ற பிறகே முழுப்பலத்தை அடைகிறது.

இரவு வான் அலையை நம்பியே ஒரு நிலையம் நம் தேசத்தில் நடந்தது. ஆகாசவாணி 1988 மே 18-ஆம் தேதி நாகபுரியில் 1566 கிலோஹெர்ட்ஸில் ஆயிரம் கிலோவாட் சக்தியோடு தொடங்கிய ‘நேஷனல் சானல்’ மாலையில் ஆரம்பித்து விடியற்காலையில் முடிந்துவிடும். பகலில் அதற்கு வேலையே இல்லை. தேசத்தின் நடுவே நட்ட ஒரே ஸ்தம்பம், வடக்கே 850 கிலோமீட்டரில் டில்லியையும், தெற்கே 1,450 கிலோமீட்டரில் குமரிமுனையையும் எட்டவேண்டுமென்பது ஏற்பாடு. தென் தமிழ்நாட்டில் இது நன்றாகக் கேட்டதற்கு வேறு ஒரு நுட்பமும் துணை செய்தது. அதைச் சிறிது விரித்துரைப்பது தகும்.

தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமான காந்த மத்திய ரேகை நம் தென்கோடி மாவட்டங்களை ஒட்டிச் செல்கிறது. அங்கே திசைகாட்டும் முள் மேலும் கீழும் சாயாமல் கிடையாகவே நிற்கும். பூமியின் காந்தப் புலத்தில் சுழலும் எலெக்ட்ரானுக்கு இயற்கையான ஒரு சுழற்சி எண் உண்டு. நம் பிரதேசத்தில் அது ஏறக்குறைய 1100 கிலோஹெர்ட்ஸ், அதாவது மத்திய அலைவரிசைக்கு நட்டநடுவில் விழுகிறது. இதன் பயனாக, அயனி மண்டலத்துக்குள் புகுந்த அலை இரண்டு கூறாகப் பிரிந்து, ஒரு கூறு அங்கேயே பெரும்பாலும் தேய்ந்துபோக, மற்றொன்றே பூமிக்கு மீளுகிறது. மீளக்கூடிய அந்தக் கூறின் மின் அதிர்வு காந்தக் கோடுகளின் திசையில், அதாவது தென்வடலாக, அமைந்திருக்கவேண்டும். செங்குத்தான ஸ்தம்பத்திலிருந்து எழுந்து தென்வடலாகச் சாய்ந்து செல்லும் அலையின் அதிர்வில் ஒரு பங்கு அத்திசையில் அமையும். கிழமேற்காகச் செல்லும் அலையில் அத்தகைய பங்கு இராது. நாகபுரி நமக்கு நேர் வடக்கு. பாங்காக் நேர் கிழக்கு. ஆகையால் ஒரே சக்தியுள்ள அவ்விரண்டில் நாகபுரிக்கே இயற்கையின் சலுகை இருந்தது. தூரமும் அதற்கே குறைவு. ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல்களை மட்டும் படித்தவர்களுக்கு இந்தத் திசை வேற்றுமை புலப்படாது; அங்கே காந்த முள் செங்குத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இது பொருட்படுத்தத் தக்கதன்று.

இரவில் கேட்கும் ஒலி ஏறி இறங்குவதைப் பற்றி ஆப்பிள்டனைக் குறித்தபோதே சொன்னேன். தூரத்து நிலையம் மட்டுமன்றி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டரில் உள்ள நம் சொந்த நிலையமே பகலில் தெளிவாகவும் இரவில் அலங்கோலமாகவும் கேட்பதற்கும் அதுவே காரணம். அந்த தூரத்தில் தரை அலையும் வான் அலையும் ஏறத்தாழச் சமபலமாக வந்து சேர்கின்றன. 300 மீட்டர் நீளமுள்ள அலையில், இரண்டு மார்க்கங்களின் தூரம் 150 மீட்டர் வேறுபட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓயாது அசையும் மேலடுக்கு அவ்வளவு மாறுவது சில விநாடிகளின் காரியம். குரல் தேய்வதோடு நில்லாமல் கரகரத்துச் சிதைந்தும் போகிறதே என்றால், ஒலியைச் சுமந்துவரும் தாய் அலையும் அதன் இருபுறமும் உள்ள பக்க அலைகளும் சிறிது வேறுபட்ட அதிர்வு எண்கள் உடையவையாதலால், ஒரே கணத்தில் தாய் அலை மட்டும் அழிந்து பக்க அலைகள் எஞ்சிவிடுகின்றன. தாய் அலையின்றி அவற்றை நம் பெட்டியால் சரிவரப் பிரித்தெடுக்க முடியாது. இதைத் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாமென்று முயல்வது வீண்.

பெட்டியின் உள்ளே இருக்கும் பெரைட் கோலைப் பற்றித் தெரிந்துகொண்டால் வேறு சில சங்கடங்களைத் தீர்க்கலாம். கரிய நிறமுள்ள அக்கோலின்மேல் சுற்றிய கம்பிச் சுருளே மத்திய அலைக்கு ஏரியல். வெளியே இழுக்கும் தகரக் குழல் இதற்கு உதவாது. கோலின் நுனி எந்தத் திசையைச் சுட்டுகிறதோ அத்திசை நிலையம் மிகக் குறைவாகவும், பக்கவாட்டுத் திசையில் உள்ளது மிக அதிகமாகவும் கேட்கும். நாகபுரியின் 1566-ம் பாங்காக்கின் 1575-ம் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்று மற்றொன்றின்மீது கசிவது இயல்பு. சென்னையில் இருந்தவர் பெட்டியைக் கோல் கிழமேற்காக அமையும்படி வைத்தால் நாகபுரி ஓங்கும், பாங்காக் ஒடுங்கும். தென்வடலாகத் திருப்பினால் நிலைமை தலைகீழாகும். காசு செலவில்லாத இவ்வுபாயத்தைப் பலர் அறிவதில்லை. மற்றபடி, இக்காலத்தில் தூரத்து நிலையத்துக்குப் பெருஞ்சத்துரு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் இன்வெர்ட்டரும் எழுப்பும் மின் இரைச்சல், ஆயிரம் மைல் கடந்து வந்த அலையை வாசற்படியில் விழுங்கிவிடுகிறது. பேட்டரியில் இயங்கும் பெட்டியை மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ எடுத்துச் செல்வதே இதற்குப் பரிகாரம். கோடை இடியின் இரைச்சலுக்குப் பரிகாரம் இல்லை; மார்கழி, தை இரவுகள் சிலாக்கியமானவை.

இவ்வளவையும் கேள்வியறிவாக ஏற்றுக்கொள்ள மனமில்லாதவருக்கு, பகலிலேயே சிறிது நேரம் இரவை வருவித்துக் காட்டும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சூரிய கிரகணத்தின்போது டி அடுக்கு நலிந்து, தூரத்து மத்திய அலை நிலையங்கள் பட்டப்பகலில் தலைதூக்கும். 1999 ஆகஸ்டு 11-ஆம் தேதி கிரகணத்தில், ஸ்பெயினின் லா கொருஞ்ஞா நிலையத்தைக் கேட்டுக் குறிப்பெடுக்கும்படி இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் பொதுமக்களையே வேண்டிக்கொண்டார்கள். 2031-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி, நடுப்பகல் கடந்த சிறிது நேரத்தில், கேரளத்தையும் மதுரையை ஒட்டிய பகுதிகளையும் கடந்து ஒரு கங்கண கிரகணம் செல்லவிருக்கிறது. சூரிய பிம்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் மறையும். அன்று வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காமல், முந்திய நாள் அதே நேரத்தில் எந்த எந்த எண்ணில் என்ன கேட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு, கிரகணம் தொடங்குமுன்பே ரேடியோவின் முன் உட்காருங்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டியைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது.